எடுத்துக் கொடுத்த துணி

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்தைத் தாண்டிச் சற்றுத் தொலைவு போனால் திருவிடந்தை. இங்குள்ள நித்யகல்யாணப் பெருமாளுக்கு ஆண்டின் எல்லா நாளும் மாப்பிள்ளைக் கோலம்தான். காலவ முனிவருக்கு 360 பெண்கள் என்றும், பிரம்மசாரியாக வந்த வராகப் பெருமாள் நாளைக்கு ஒருத்தியாக அவர்களை மணந்துகொண்டார் என்றும், கடைசி நாளில் எல்லாரையும் ஒருத்தியாக்கித் தம் இடப்பக்கத்தில் ஏற்றுக்கொண்டார் என்றும் தலபுராணம் சொல்கிறது. அந்த ஒருத்திதான் அகிலவல்லி நாச்சியார். திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியில் பாடிய இத்தலம் 108 திவ்யதேசங்களில் ஒன்று. கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் இரண்டு மாலைகளோடு வந்து பெருமாளுக்குச் சாற்றி, ஒன்றைத் திரும்ப வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒன்பது முறை வலம் வருவார்கள். கல்யாணம் முடிந்ததும் காய்ந்துபோன அதே மாலையை எடுத்துக்கொண்டு ஜோடியாகத் திரும்பி வருவார்கள். உற்சவர் தாடையில் இயற்கையாகவே ஒரு திருஷ்டிப் பொட்டு அமைந்திருப்பதாகவும் சொல்வார்கள். நாள்தோறும் அலங்காரம் கொள்கிறவருக்குக் கண் பட்டுவிடக் கூடாதே என்று பக்தர் மனம் பதைத்திருக்கிறது.

சாமிக்குத் தினமும் புதுக்கோலம். அவரைக் கும்பிட்ட குடிகளுக்கோ புதுத்துணி ஆண்டுக்கு ஒருமுறை, கொடுத்துவைத்தவர்களுக்கு இரண்டுமுறை. தீபாவளி, பொங்கல். நடுவில் ஒரு கல்யாணம் வந்தால் அது அதிகப்படி. இந்தக் கரையில் பண்டிகைத் துணியின் கதையைத் தேடிப் போகிறவர் முன்னால் ஒவ்வொரு காலத்திலும் ஒரே கேள்விதான் வந்து நிற்கிறது: யார் யாருக்கு எடுத்துக் கொடுத்தார்கள்? தன் பணத்தில் தனக்கே ஒன்று வாங்கி உடுத்திக்கொள்வது மிகவும் பிந்தி வந்த பழக்கம். அதற்கு முன் பல நூற்றாண்டுகளாகப் புதுத்துணி இன்னொருவர் கையிலிருந்துதான் வந்தது.

பழைய சாட்சி தொண்டை நாட்டிலேயே இருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியில் இருந்த தொண்டைமான் இளந்திரையனிடம் ஒரு பாணனை வழியனுப்பி வைக்கிறது. வழியில் நீர்ப்பெயற்று என்ற கடற்கரைப் பட்டினம் வருகிறது. கப்பல்களுக்கு வழிகாட்ட இரவில் விளக்கேற்றிய உயர்ந்த மாடம் அங்கே இருந்ததாகப் பாட்டில் வருகிறது. அந்தப் பட்டினம் மாமல்லபுரமே என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. மன்னனிடம் போய்ச் சேர்ந்ததும் பாணனுக்கு முதலில் கிடைப்பது சோறுகூட இல்லை, துணி. அவன் இடுப்பில் இருந்த பழங்கந்தலைக் களையச் செய்து, ஆவியைப்போல மெல்லிய ஆடையை அவனுக்கும் அவனோடு வந்த சுற்றத்தார் அத்தனை பேருக்கும் சேர்த்தே உடுத்தச் செய்கிறான் இளந்திரையன். விருந்து அதற்குப் பிறகுதான். சுற்றம் முழுவதையும் சேர்த்தே உடுத்துவது என்ற இந்த ஒரு குறிப்பு போதும், இன்றைய தீபாவளி வீட்டின் வேர் எவ்வளவு ஆழம் என்று காட்ட. ஒருவர் மட்டும் புதுசு போட்டுக்கொண்டு மற்றவர்கள் பழையதில் நிற்கிற பண்டிகை, இந்த மண்ணில் பண்டிகையாகவே தோன்றுவதில்லை.

தெற்கே பக்கத்து நாடான ஓய்மாநாட்டிலும் இதே வழக்கம். மரக்காணமும் திண்டிவனமும் அடங்கிய அந்தப் பகுதியை ஆண்ட நல்லியக்கோடனைப் பற்றிய சிறுபாணாற்றுப்படையிலும் பாணனுக்கு மெல்லிய துணி உடுத்துகிறார்கள். அதே நூலில் வள்ளல் ஆய், தனக்கு நாகம் தந்த அரிய ஆடையை ஆலமரத்தடிக் கடவுளுக்குக் கொடுத்துவிட்ட செய்தியும் வருகிறது. கிடைத்தற்கரிய துணி கிடைத்தால் அதைச் சாமிக்குச் சாற்றுவது என்ற எண்ணம் அப்போதே இருந்திருக்கிறது.

கோயில்கள் கல்லில் எழுந்த பிறகு அந்த எண்ணம் நிர்வாகமாயிற்று. தெய்வத்துக்கான ஆடையைக் கல்வெட்டுகள் பரிவட்டம் என்று குறிக்கின்றன. கோயிலில் மரியாதை பெறுகிறவர் தலையில் இன்றைக்கும் பரிவட்டம் கட்டுகிறார்கள். சாமி உடுத்தியது மனிதருக்கு வருவதுதான் பெரிய கௌரவம். இன்னொரு பக்கம், அந்தத் துணியை நெய்தவனிடம் அரசு தறியிறை வாங்கியது. சோழர் கல்வெட்டுகளில் தறிக்கு வரி இருக்கிறது, விசயநகரக் காலத்திலும் அது தொடர்ந்தது. காஞ்சிபுரத்துக் கைக்கோளர்கள் சங்கு ஊதவும் பல்லக்கில் தண்டேறவும் உரிமை பெற்றிருந்தார்கள். 15ஆம் நூற்றாண்டில் மற்ற ஊர் நெசவாளர்கள் காஞ்சியைக் காட்டித் தங்களுக்கும் அந்த உரிமை வேண்டும் என்று கேட்டுப் பெற்றார்கள். தறிக்காரர் இந்த நாட்டில் பலமுள்ள குடியாக இருந்த காலம் அது.

வைணவக் கோயில்களில் துணி சாற்றுவதன் உச்சம் கைசிக ஏகாதசி. திருவரங்கத்தில் அன்று நம்பெருமாளுக்கு 365 வஸ்திரங்கள் சாற்றுகிறார்கள், ஆண்டின் நாளுக்கு ஒன்றாக. அன்றைக்கு வாசிக்கப்படும் கைசிக புராணம், வராகப் பெருமாள் பூமிப் பிராட்டிக்குச் சொன்னதாக வராக புராணத்தில் உள்ள கதை. 360 நாளும் மணக்கோலம் கொண்ட திருவிடந்தை வராகரும், 365 ஆடைகளைப் பெறுகிற அரங்கனும் ஒரே மனப்போக்கின் இரண்டு வடிவங்களாகவே தெரிகிறார்கள். ஒரு நாளில் ஓர் ஆண்டை முழுதாகச் செலுத்திவிடுகிற ஆசை அது. காஞ்சிபுரத்தில் 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை அத்தி வரதர் 48 நாள் காட்சி கொடுத்தபோது நாளுக்கு ஒரு நிறப் பட்டு உடுத்தினார்கள். இன்று என்ன நிறம் என்ற பேச்சு அந்த நாட்களில் தமிழ்நாடு முழுக்க இருந்தது.

சங்க நூல்களில் கார்த்திகை விளக்கு உண்டு, தீபாவளி இல்லை. விசயநகர ஆட்சியிலும் நாயக்கர் காலத்திலும்தான் அது தமிழ்நாட்டில் பரவியது என்பது பலரும் ஏற்கும் கருத்து. அந்த நாளில் புதுத்துணி எப்படி வந்தது என்பதற்கு ஒரு வெளிநாட்டுக்காரர் எழுதி வைத்த குறிப்பு இருக்கிறது. கிருஷ்ணதேவராயர் ஆட்சியில், 1520 வாக்கில், தலைநகருக்கு வந்த போர்ச்சுகீசியர் டொமிங்கோ பயஸ், அக்டோபர் மாதத்தில் அமாவாசையை ஒட்டி வந்த ஒரு புத்தாண்டுக் கொண்டாட்டத்தைக் கண்டார். அன்று எல்லாரும் புதிய, விலை உயர்ந்த ஆடைகளை உடுத்தினார்கள் என்றும், படைத்தலைவர்கள் தங்கள் ஆட்களுக்குப் பல நிறங்களில் துணி கொடுத்தார்கள் என்றும், தலைவருக்குத் தலைவர் நிறம் வேறுபட்டது என்றும் அவர் எழுதுகிறார். பயஸின் குறிப்பை ஆங்கிலத்தில் வெளியிட்ட ராபர்ட் சிவெல் அந்த நாளைக் கார்த்திக மாதத்தின் முதல் நாளாகக் கணக்கிட்டார். தீபாவளி அமாவாசைக்கு மறுநாள் அது. அதே நாளில் தலைவர்கள் அரசருக்குப் பெருந்தொகை செலுத்தினார்கள் என்பதையும் பயஸ் சொல்லத் தவறவில்லை. மேலே பணம் போயிற்று, கீழே துணி வந்தது. தீபாவளித் துணி அரசியலோடு பிணைந்திருந்ததற்கு இதைவிடத் தெளிவான சித்திரம் கிடைப்பது அரிது.

கடற்கரையில் அடுத்த நூறாண்டில் வந்து இறங்கியவர்கள் இந்தத் துணிக்காகவே வந்தார்கள். டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் காலூன்றி, பின்பு மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் பண்டகசாலையும் கோட்டையும் கட்டினார்கள். சோழமண்டலக் கரைத் துணியைக் கொண்டுபோய்த்தான் அவர்களால் இந்தோனேசியத் தீவுகளில் மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க முடிந்தது. சதுரங்கப்பட்டினத்து மஸ்லின் பெயர் பெற்றது. ஆங்கிலேயர் 1639இல் சென்னையில் இடம் பிடித்ததற்கும் முதற்காரணம் துணிதான். திருவிடந்தைக்குப் பக்கத்துக் கோவளத்திலேயே 1720களில் ஆஸ்டெண்ட் கம்பெனி ஒரு பண்டகசாலை வைத்திருந்தது. அதே கோவளத்தில் இருந்த கோட்டையை 1752இல் கிளைவ் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடித்தார். சென்னை ஆளுநர் ஜோசப் கோலட் காலத்தில் திருவொற்றியூருக்குப் பக்கத்தில் காலாடிப்பேட்டையும், 1734இல் சிந்தாதிரிப்பேட்டையும் நெசவாளர்களுக்காக உண்டான குடியிருப்புகள். நூற்பவர், நெய்பவர், துணியில் ஓவியம் தீட்டுபவர், வெளுப்பவர் என்று துணியின் எல்லாக் கைகளையும் ஒரே இடத்தில் குடியமர்த்த ஆங்கிலக் கம்பெனி முயன்றது.

உலகுக்கு உடுத்திய கரை இது. மேற்கு ஆப்பிரிக்காவின் விழாக்களில்கூட மதராஸ் கட்டம் போட்ட துணி உடுத்தினார்கள். ஆனால் நெய்தவர் வீட்டில்? கம்பெனியின் முன்பணம் வாங்கிய தறிக்காரர், அந்தத் துணியை முடித்துக் கொடுக்கும்வரை கடனாளி. காசி வீரண்ணா போன்ற தலைமை வணிகர்கள் கம்பெனிக்கும் ஊர்த் தறிக்கும் நடுவில் நின்றார்கள். பிறகு போர்கள் வந்தன. 1780இல் ஹைதர் அலியின் படை கர்நாடகச் சமவெளியில் இறங்கி, அந்த ஆண்டு செப்டம்பரில் காஞ்சிக்கு அருகே பொள்ளிலூரில் கம்பெனிப் படையை முறியடித்தபோது, செங்கல்பட்டுச் சீமையே பாழாகிக் கிடந்தது. தறிகளை விட்டுவிட்டு நெசவாளர்கள் சிதறினார்கள்.

இந்த இடத்தில் மழையைப் பற்றிப் பேசியாக வேண்டும். தீபாவளிக் கதைகளில் நரகாசுரன் வருகிற அளவுக்கு வடகிழக்குப் பருவமழை வருவதில்லை என்பது பெரிய குறை. இந்தக் கரை ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெறுகிறது. தீபாவளி ஐப்பசியில், அந்த மழையின் வாசலில் நிற்கிறது. கைத்தறிக்கு மழை ஆகாது. தறியில் ஏற்றுவதற்கு முன் பாவு நூலை விடியற்காலையில் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, பெரிய தூரிகையால் நீவி உலரவிட வேண்டும். காஞ்சிபுரத்துத் தெருக்களில் பட்டுப் பாவையும் இப்படி நீட்டிக் கட்டியிருப்பதைக் காணலாம். ஈரக் காற்றில் கஞ்சி காயாது, நூல் ஒட்டிக்கொண்டு அறுந்துபோகும். பெரும்பாலான வீடுகளில் இருந்தது குழித்தறி. தரையில் பள்ளம் தோண்டி, நெசவாளர் விளிம்பில் உட்கார்ந்து, பள்ளத்துக்குள் காலை விட்டு மிதியை மிதிப்பார். மழை நாளில் அந்தக் குழியில் ஊற்றெடுக்கும். தண்ணீர் நிற்கிற குழிக்குள் காலை விட்டுக்கொண்டு யாராலும் நெய்ய முடியாது.

ஆகவே பண்டிகைக்கு ஊரெல்லாம் துணி கேட்கிற ஆவணியும் புரட்டாசியும் நெசவாளருக்கு ஓயாத வேலை. கோர்வைச் சேலை என்றால் உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா. பக்கத்தில் உட்கார்ந்து நாடா வாங்கித் தர இன்னொருவர் வேண்டும். நெடுங்காலம் அந்த இன்னொருவர் வீட்டுப் பிள்ளையாகவே இருந்தார். தீபாவளி முடிந்த மறுவாரம் தறி ஓய்ந்துவிடும். தை பிறக்கும்வரை வருமானம் குறைவு. மற்றவர்களுக்குப் பண்டிகை மழைக்கால விடுமுறையின் தொடக்கம், தறிக்காரருக்கு அது பஞ்ச மாதங்களின் தொடக்கம். கம்பெனிக் கப்பல்களுக்கும் இதே கெடு இருந்தது. துறைமுகம் இல்லாத திறந்த கரை என்பதால் அக்டோபர் நடுவில் புயலுக்கு அஞ்சிக் கப்பல்கள் சென்னைக் கரையை விட்டு விலகிவிடும். வெள்ளைக்கார வணிகரும் ஊர்க் குடும்பத்தாரும் ஒரே நேரத்தில், ஒரே மழைக்கு முன்னால், ஒரே தறியின் வாசலில் நின்றிருந்தார்கள்.

வீட்டுக்குள் வந்த துணிக்கு என்ன நடந்தது என்பது அதைவிடச் சுவையானது. கடையிலிருந்து வந்ததும் யாரும் உடுத்துவதில்லை. சாமி மாடத்தில் வைத்து, ஓரத்தில் மஞ்சள் தடவி, எண்ணெய் தேய்த்துக் குளித்த பிறகு பெரியவர் கையால் வாங்கித்தான் உடுத்த வேண்டும். பெரியவர் காலில் விழுந்து எழுவது உடன்நடப்பு. மஞ்சளுக்கு வீட்டுப் பெரியவர்கள் சொல்கிற காரணம் கனமானது. நனையாத புதுத்துணி சாவு வீட்டிலும் உண்டு. இறந்தவர் மேல் போர்த்துவதும் அதுவே. மஞ்சள் பட்டால்தான் அது மங்கலக் காரியத்துக்கு உரியதாகிறது.

இறந்தவர்களும் துணிக்குக் காத்திருக்கிறார்கள் என்பது வட தமிழ்நாட்டில் ஆழமாக வேரூன்றிய நம்பிக்கை. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்து வீடுகளில் பூவாடைக்காரி கும்பிடுவது அப்படிப்பட்டது. சுமங்கலியாகவோ கன்னியாகவோ இறந்துபோன வீட்டுப் பெண்ணைத் தெய்வமாக வைத்து, புதுப்புடவை, பூ, மஞ்சள், வளையல் எல்லாம் படைத்துக் கும்பிடுவார்கள். கல்யாணத்துக்கு முன் இந்தப் படையல் கட்டாயம். நல்ல நாட்களிலும் செய்வதுண்டு. குலத்துக்குக் குலம் முறை மாறும். படைத்த புடவையைப் பிறகு வீட்டுப் பெண் ஒருத்தி உடுத்திக்கொள்வாள். பிராமண வீடுகளில் சுமங்கலிப் பிரார்த்தனையில் ஒன்பது கஜப் புடவை வைப்பதும் இதன் இன்னொரு வடிவம். குடும்பத்தில் புதுத்துணியின் முதல் உரிமை இல்லாதவர்களுக்கு, அதாவது போய்விட்டவர்களுக்கு. இருக்கிறவர்கள் அவர்களுக்குப் பிறகுதான். தீபாவளி அமாவாசையில் கேதார கௌரி நோன்பு எடுக்கிற வீடுகளில் அதிரசத்தோடும் நோன்புக் கயிற்றோடும் புதுத்துணியும் சாமி முன் இருக்கும். தலைத் தீபாவளிக்கு மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் மாமனார் வீடு எடுத்துக் கொடுக்கிற துணி, அந்த ஆண்டு இரண்டு குடும்பங்களுக்கும் நடுவே நடக்கிற முக்கியமான பேச்சு.

எடுத்துக் கொடுப்பதில் அன்பு மட்டும் இருந்ததாகச் சொன்னால் வரலாற்றுக்குத் துரோகம் செய்ததாகிவிடும். மிராசுதார்கள் நிலத்தையெல்லாம் வைத்திருந்த செங்கல்பட்டுச் சீமையில், படியாளாகத் தலைமுறை தலைமுறையாக உழைத்த குடும்பங்களுக்குக் கூலி நெல்லாக வந்தது. ஆண்டுக்கு ஒருமுறை வேட்டியும் புடவையும் வரும். பண்டிகை அன்று பண்ணையார் வாசலில் கைநீட்டி வாங்கிய அந்தத் துணியைத் தானம் என்றே ஊர் சொன்னது. உண்மையில் அது உழைப்புக்குச் சேர வேண்டிய கூலியின் பகுதி. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891இல் இம்மாவட்டத்துப் பறையர் நிலைமையைப் பற்றி அரசுக்கு விரிவான அறிக்கை கொடுத்தார். கடன், குடிமனைகூடச் சொந்தமில்லாமை, நிலம் கேட்டால் மிராசுதார் போட்ட முட்டுக்கட்டை எல்லாவற்றையும் அதில் அடுக்கினார். ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் 1892ஆம் ஆண்டு அரசாணை அதன் தொடர்ச்சி. பஞ்சமி நிலம் என்று இன்றுவரை வழக்காடப்படுவது அந்த ஆணையால் வந்ததே.

துணி கையில் இருந்தாலும் உடுத்த விடாத ஊர்கள் இருந்தன. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிதிராவிடர் மேல் சாதி ஆதிக்கக்காரர்கள் எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி இறக்கக் கூடாது, சட்டை பனியன் போடக் கூடாது, பெண்கள் ரவிக்கை அணியக் கூடாது என்பவை அவற்றில் உண்டு. மீறிய குடிசைகள் எரிக்கப்பட்டன. புதுத்துணி உடுத்திக்கொண்டு ஒரு கோயில் படியை மிதிக்கிற உரிமை சென்னை மாகாணத்தில் எல்லாருக்கும் சட்டப்படி வந்தது 1947இன் ஆலயப் பிரவேசச் சட்டத்தால். புதுசு உடுத்தி வந்து திருவிடந்தைப் பெருமாளைக் கும்பிடுவது என்ற எளிய காட்சிக்குக்கூட இவ்வளவு அண்மைக் கால வயதுதான் என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பணம் இருந்தவருக்கும் துணி இல்லை. ஆலைத் துணி படைக்குப் போயிற்று, விலை ஏறிற்று. 1943இல் பருத்தித் துணி, நூல் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. ஏழைகளுக்கென்று விலை குறித்த ஸ்டாண்டர்டு துணி விற்றார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு 1948 தொடக்கத்தில் கட்டுப்பாட்டை எடுத்தார்கள், விலை பாய்ந்ததும் அந்த ஆண்டிலேயே திரும்பக் கொண்டுவந்தார்கள்.

அடுத்த நெருக்கடி நேர்மாறானது. துணி இருந்தது, வாங்க ஆளில்லை. 1950களின் தொடக்கத்தில் கைத்தறித் துணி தேங்கி, நெசவாளர் குடும்பங்கள் பட்டினி கிடந்தன. வேட்டியும் புடவையும் நெய்கிற உரிமையைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்க வேண்டும் என்று முதலமைச்சர் ராஜாஜி மத்திய அரசைக் கேட்டார். எதிரணியில் இருந்த தி.மு.க.வினர் 1953 தொடக்கத்தில் ஊர் ஊராகத் தெருவில் இறங்கிக் கைத்தறித் துணி விற்றார்கள். காஞ்சிபுரத்து நெசவாளர் குலத்தில் பிறந்த அண்ணா திருச்சியில் விற்றார். அரசியலில் எதிர் எதிர் திசையில் நின்ற இரண்டு தலைவர்கள் ஒரே தறிக்காக வாதாடிய அந்தக் காலம் நினைவில் வைக்கத் தக்கது. அந்த ஆண்டு ஆலைத் துணிக்கு ஒரு தீர்வை போட்டு, அதிலிருந்து கைத்தறிக்குத் தள்ளுபடி கொடுக்க ஏற்பாடாயிற்று. 1935இல் தொடங்கிய கூட்டுறவு நிறுவனமான கோ-ஆப்டெக்ஸின் தீபாவளித் தள்ளுபடி விற்பனை, அரசு ஊழியர் வீடுகளில் ஒரு வழக்கமாகவே வேர்விட்டது. தொழிற்சாலைப் பக்கம் 1965இன் போனஸ் சட்டம் அதே வேலையைச் செய்தது. 1972 முதல் குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். தீபாவளிக்கு முன் அது கைக்கு வந்ததும் ஜவுளிக் கடைக்குப் போயிற்று. காஞ்சி நெசவுக் குடும்பத்திலிருந்து வந்த நல்லி சின்னசாமிச் செட்டியார் 1928இல் தொடங்கிய கடையைச் சுற்றித் தியாகராய நகரே ஜவுளி நகரமாக மாறியதற்கு இந்த போனஸ் பணமும் ஒரு காரணம்.

அந்தக் காலத்துத் தீபாவளிப் படங்களைப் பார்த்தால் அண்ணன் சட்டை, தம்பி சட்டை, தங்கையின் பாவாடை எல்லாம் ஒரே பூப்போட்ட துணியாக இருக்கும். ஒரே தானில் மொத்தமாக எடுத்தால் விலை குறையும், சண்டையும் வராது. வளர்கிற பிள்ளை என்று தையற்காரரிடம் சொல்லி ஒரு சுற்றுப் பெரிதாகத் தைப்பார்கள். பள்ளிச் சீருடையையே தீபாவளித் துணியாக எடுத்த வீடுகள் ஏராளம். தீபாவளிக்கு முந்தைய இரவு விடிய விடிய விளக்கெரிந்த தையற்கடைகளில், காஜா எடுக்காத சட்டைக்காகப் பிள்ளைகள் காத்துக் கிடந்தார்கள். ரெடிமேட் வந்து அந்தக் காத்திருப்பைப் போக்கியது. தையற்காரர்களில் பலரின் பண்டிகை வருமானமும் அதோடு போயிற்று.

அரசே எடுத்துக் கொடுக்கிறவரானது 1983இல். எம்.ஜி.ஆர். அரசு ஏழைகளுக்குப் பொங்கலை ஒட்டி வேட்டி, சேலை வழங்கத் தொடங்கியது. பெறுகிறவருக்குப் பண்டிகைத் துணி, நெய்கிறவருக்கு வேலை என்று இரண்டு நோக்கங்கள் அதற்கு. விசைத்தறிகளும் பின்னால் சேர்ந்துகொண்டன. அந்தச் சேலையை வயல் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் உடுத்தித் தேய்த்த பெண்கள் தமிழ்நாட்டு ஊர்களெங்கும் உண்டு.

திருவிடந்தைக் கரையில் வாழும் எல்லாருடைய பண்டிகையும் ஐப்பசியில் இல்லை. இருளர்களுக்குப் பெருநாள் மாசி மகம். முழுநிலவுக்கு முந்தைய நாளே பல மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மாமல்லபுரம் கடற்கரைக்கு வந்து சேர்வார்கள். குச்சிகளை நட்டு, சேலைகளையே சுவராகக் கட்டி, இரவுக்குக் கூடாரம் போட்டுக்கொள்வார்கள். கோபித்துக்கொண்டு கடலுக்குப் போய்விட்ட கன்னியம்மாவைத் திரும்ப அழைப்பதுதான் அந்த வழிபாடு. விடியலில் மணலில் ஏழு படி கட்டிப் படையலிடுவார்கள். அங்கேயே பெயர் வைப்பார்கள், மொட்டை போடுவார்கள், கல்யாணமும் நடக்கும். நித்யகல்யாணப் பெருமாள் கோயிலுக்குத் தெற்கே சில மைல் தூரத்தில், கோயிலே இல்லாத மணலில், அன்று ஒரே காலையில் பல ஜோடிகள் மணக்கோலத்தில் நிற்கிறார்கள். இராத்திரிக்குச் சுவராக நின்ற சேலை காலையில் மடித்து மூட்டையில் போகிறது.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி இந்தக் கரையின் மீனவக் குப்பங்களையும் அடித்தது. நாடெங்கும் இருந்து துணி மூட்டைகள் வந்து குவிந்தன. பெரும்பாலும் உடுத்திக் கழித்த துணி. தமிழ்நாட்டுக் கடலோரத்தில் மக்கள் அவற்றைத் தொடவில்லை. சாலையோரங்களில் மலைபோலக் கிடந்து அவை மழையிலும் வெயிலிலும் நைந்தன. இது நன்றி மறந்த செயல் என்று அப்போது பேசியவர்கள் இருந்தார்கள். அப்படிப் பேசியவர்களுக்கு இந்தக் கரையைத் தெரியாது. படகையும் வலையையும் கடலுக்குக் கொடுத்த பிறகும் இந்த மீனவர்கள் தினமும் உழைத்துச் சாப்பிட்ட குடிகள். மூன்று வாரத்தில் பொங்கல் வந்தது. இளந்திரையன் காலத்திலிருந்தே இங்கே கந்தலைக் களைந்து புதியதை உடுத்துவதுதான் கொடுப்பதற்கு இலக்கணம், இன்னொருவர் கந்தலை வாங்கிக்கொள்வது அல்ல. தேங்கிக் கிடந்த அந்த மூட்டைகளில் பெரும்பகுதியை டெல்லியைச் சேர்ந்த கூஞ்ச் அமைப்பு எடுத்துத் தரம் பிரித்து, மறுபயன்பாட்டுக்குக் கொண்டுபோயிற்று.